நூறில்தான் போகிறேன், நான் ஏன் ஒதுங்க வேண்டும்?

கேள்வி: ஐயா, வேலைக்காக வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் போய்வருகிறேன். ஒரு வழிக்கு 60 கிலோமீட்டர். போக மூன்று தடம், வர மூன்று தடம், நடுவில் தடுப்பு. வேக வரம்பு 100. வலது ஓரத் தடத்தில் ஏறினால் சரியாக 100-இல் போவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்படியும் தினமும் யாராவது பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடிக்கிறார்கள். போன வாரம் குடும்பத்தோடு போகும்போது ஒருவர் ஹாரனையும் அழுத்திக்கொண்டே வந்தார். அவருக்குப் புரியட்டும் என்று பிரேக்கை லேசாகத் தொட்டேன். அவர் இடப்பக்கமாக ஏறி, எனக்கு முன்னால் வெட்டி வந்து, வேண்டுமென்றே பிரேக் அடித்தார். மயிரிழையில் தப்பினோம். பின்சீட்டில் இருந்த மகள் அழுதுவிட்டாள். போதாததற்கு, லாரிகள் நடுத் தடத்தை விட்டு நகர்வதே இல்லை. சட்டப்படி ஓட்டும் என்னைப் போன்றவர்கள் இவர்களை எப்படிச் சமாளிப்பது? டேஷ்கேம் பதிவு இருக்கிறது. காவல்துறைக்கு அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மகள் இப்போது தேறியிருப்பாள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுநர் பயிற்சியில் இருக்கிறேன். இதே கடிதத்தை வேறு வேறு கையெழுத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் தப்பு செய்தவர்கள் இரண்டு பேர். ஒட்டிக்கொண்டு வந்தவரைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். இன்னொருவரைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை வைத்தே எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இருப்பவர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

வலது ஓரத் தடத்தை எல்லோரும் ‘வேகத் தடம்’ என்கிறார்கள். பாதிக் குழப்பம் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. அது முந்துவதற்கான தடம். ஏறலாம், தாண்டலாம், இறங்கிவிட வேண்டும். அங்கே குடியிருக்க யாருக்கும் இடம் கிடையாது, 100-இல் போகிறவருக்கும் கிடையாது, 140-இல் போகிறவருக்கும் கிடையாது. இது நான் கண்டுபிடித்த ஒழுக்கமல்ல. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே, சூழ்நிலை அனுமதிக்கும் வரை தன் பக்கத்து ஓரத்தை ஒட்டி ஓட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பிரிட்டனில் தேவையில்லாமல் நடுத் தடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், முன்வண்டியை ஒட்டிக்கொண்டு போகிறவருக்கும், அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் அதிகாரம் 2013 ஆகஸ்டில் ஒன்றாகத்தான் காவல்துறையிடம் வந்தது. நீங்களும் உங்கள் பின்னால் வந்தவரும் அங்கே இருந்திருந்தால் ஆளுக்கொரு சீட்டு வாங்கியிருப்பீர்கள்.

‘நான்தான் வரம்பில் போகிறேனே, அதற்கு மேல் போகிறவனுக்கு ஏன் வழிவிட வேண்டும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் வேக வரம்பு ஒரு விதி, தட ஒழுங்கு இன்னொரு விதி. ஒன்றைக் காப்பாற்றியதற்காக மற்றொன்றில் சலுகை கிடைக்காது. அடுத்தவர் வரம்பு மீறினால் அதைப் பார்த்துக்கொள்ளக் காவல்துறை இருக்கிறது, கேமரா இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்பம்பரை அந்த வேலைக்கு யாரும் நியமிக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதி. உங்கள் 100 உண்மையான 100-ஆக இருக்க வாய்ப்பு குறைவு. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐநா வாகன விதி. அதனால் தயாரிப்பாளர்கள் முன்னெச்சரிக்கையாகக் கூட்டியே வைக்கிறார்கள். முள் 100 காட்டும்போது வண்டி 95-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருக்கலாம். ஒருநாள் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் லைட் அடிப்பவர்களில் சிலர் வரம்புக்குள்ளேயே உங்களைத் தாண்டக்கூடியவர்கள்.

நானும் ஒரு காலத்தில் வலது தடத்துவாசிதான். கனரக உரிமத்துக்குப் பயிற்சி எடுத்தபோது பக்கத்தில் ஒரு வயதான பயிற்றுநர் உட்காருவார். திட்ட மாட்டார், பேசவே மாட்டார். இடது தடம் காலியாக இருந்தும் நான் வலத்தில் ஓடிக்கொண்டிருந்தால், கையிலிருக்கும் பேனாவால் டேஷ்போர்டில் ஒரு தட்டு. டக். மூன்று வினாடி கழித்து மறுபடியும் டக். முதல் நாள் அந்தச் சத்தம் நின்றதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ‘நான் ஒழுங்காகத்தானே ஓட்டுகிறேன், இந்த மனுஷனுக்கு என்ன வந்தது’ என்று எரிச்சல்தான் வந்தது. நாலாவது நாள் பேனா சட்டைப்பைக்குள் போனது. அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த மூன்று நாளில் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கே தெரியாமல் வந்திருந்தது. வலது தடத்திலேயே நிரந்தரமாக ஓடுகிறவருக்குக் கண்ணாடி தேவைப்படுவதில்லை. அதுதான் அந்த ஓட்டத்தின் பெரிய ஆபத்து என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் 100-இல் போகிறீர்கள், நடுத் தடத்தில் ஒரு நீளமான லாரி 80-இல் போகிறது. அதற்கு 50 மீட்டர் பின்னாலேயே வலது தடத்துக்கு மாறி, தாண்டி, 50 மீட்டர் முன்னால் போய் மறுபடி நடுத் தடத்துக்கு வந்தால் ஆகும் நேரம் இருபது வினாடிக்குச் சற்று மேல். அதற்குள் சாலையில் நீங்கள் கடப்பது சுமார் 600 மீட்டர். 60 கிலோமீட்டரில் இப்படி இருபது வண்டிகளைத் தாண்டினாலும் மொத்தம் 12 கிலோமீட்டர். மீதி 48 கிலோமீட்டருக்கு வலது தடத்தில் உங்களுக்கு வேலையே இல்லை.

‘ஒதுங்கினால் மெதுவாகப் போகிறவனுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேன்’ என்று பலரும் சொல்வார்கள். மாட்டிக்கொண்டால் என்ன நட்டம்? பின்னால் வருபவர் தாண்டிப் போகும் வரை ஒரு பத்து வினாடி 80-இல் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் பின்தங்குவது 56 மீட்டர். நூறில் போகும் வண்டிக்கு அது இரண்டே வினாடி. ஒருவருடைய ஹாரனை ஐந்து நிமிடம் கேட்பதற்கு இது எவ்வளவோ மலிவு.

அதற்காகப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டச் சொல்லவில்லை. நடுத் தடத்தில் அடுத்தடுத்து வண்டிகள் இருந்து, ஒதுங்கினால் பத்துப் பதினைந்து வினாடியில் மறுபடி ஏற வேண்டிவரும் என்றால், அந்த வரிசையை முடித்துவிட்டே இறங்கலாம். ஆனால் பின்னால் வேகமாக ஒருவர் வந்து, நடுவில் போதிய இடைவெளியும் இருந்தால் இறங்கிவிடுங்கள். இறங்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: தாண்டிய வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் உள்கண்ணாடியில் முழுதாகத் தெரிய வேண்டும். பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். இடப்பக்கக் கண்ணாடி குவிந்தது; வண்டி இருப்பதைவிடத் தள்ளியிருப்பதாகக் காட்டும்.

நீங்கள் ஒதுங்காததால் சாலையில் என்ன நடக்கிறது என்பதை உங்கள் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது. உங்கள் முன்னால் காலிச் சாலை, மனதில் நிம்மதி. உங்கள் பின்னால் ஆறு வண்டி. இரண்டாவது ஆள் பொறுமையிழந்து நடுத் தடத்துக்குத் தாவுகிறார். அங்கே லாரி, அதனால் அதற்கும் இடப்பக்கம் போகிறார். நெடுஞ்சாலைக்குள் நுழைகிற வண்டிகள் வேகம் பிடித்துக்கொண்டிருக்கும் தடம் அது. லாரி ஓட்டுநருக்கோ இடப்பக்கத்தில், கேபினை ஒட்டி ஒரு கார் முழுசாக மறையும் அளவுக்கு இடம் இருக்கிறது. பயிற்சியில் ஆட்களை அந்த இருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, ஒரு காரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ‘கார் எங்கே?’ என்று கேட்பேன். நாலு கண்ணாடியையும் மாறி மாறித் தேடுவார்கள். கீழே இறங்கி வந்து பார்த்தால்தான் நம்புவார்கள்.

உங்களை இடப்பக்கமாக ஏறிப் போனவர் செய்தது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தவறுக்கு வலப்பக்கக் கதவைப் பூட்டி வைத்தவர் நீங்கள்.

அடுத்தது அந்த ‘லேசான’ பிரேக். இதில்தான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 100-இல் ஒரு வண்டி வினாடிக்கு 28 மீட்டர் போகிறது. கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடியாவது ஆகும். ஒட்டிக்கொண்டு வந்தவர் ஐந்து மீட்டரில் இருந்திருந்தால் அந்த இடைவெளி வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கால் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியிருந்தால், அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் இடைவெளியில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அன்றைக்குப் பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அவருடைய முன்பம்பருக்கு மிக அருகில் இருந்தது உங்கள் மகள்தான்.

அந்த பிரேக் உங்கள் இருவரோடும் முடிவதில்லை. ஜப்பானில் சுகியாமா என்ற இயற்பியலாளரின் குழு செய்த ஒரு சோதனை 2008-இல் வெளிவந்தது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஒரே சீராக 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, குழி இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சற்றுத் தயங்க, பின்னால் இருந்தவர் இன்னும் கொஞ்சம் தயங்க, கடைசியில் சில கார்கள் நின்றேவிட்டன. அந்த நெரிசல் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. காரணமில்லாமல் நின்று, காரணமில்லாமல் கிளம்பும் நெடுஞ்சாலை நெரிசலில் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். யாரோ ஒருவர் யாருக்கோ பாடம் புகட்டியதன் வால்நுனியாகக்கூட அது இருக்கலாம்.

ஒட்டிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது என்று கேட்டீர்கள். நம் கையில் இருப்பது ஒரே ஒரு இடைவெளிதான், அது முன்னால் இருப்பது. அதைக் கூட்டுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தி, முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று நாலு வினாடி இடம் விடுங்கள். முன்னால் ஏதாவது நடந்தால் நீங்கள் மெதுவாக பிரேக் பிடிக்கலாம். பின்னால் இருப்பவருக்கும் அதுவே அவகாசம். அவர் விடாத இடைவெளியை அவருக்காக நீங்கள் முன்பக்கத்தில் விடுகிறீர்கள், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்ட வேண்டாம், கூட்டினால் அவரும் கூட்டுவார். தாண்டிக்கொண்டிருக்கும் வண்டியை அவசரமில்லாமல் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, இறங்கிவிடுங்கள். அவர் போகும்போது திரும்பிப் பார்க்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே அவசரமா, வெறும் திமிரா என்று ஆராய்வதில் பயனில்லை. இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

தாண்டிப் போனபிறகும் வம்புக்கு வந்தால், முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தால், நீங்களும் குறைத்து விலகிப் போங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், கையைக் காட்டாதீர்கள், வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசவே பேசாதீர்கள். பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாமல் ஆள்நடமாட்டமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போங்கள்.

சாதாரண நாளில் இடைவெளியை அளக்க, முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அதே கம்பத்தைக் கடந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். 100-இல் இரண்டு வினாடி என்பது 55 மீட்டர்; பார்வைக்கு அநியாயத்துக்கு அதிகமாகத் தெரியும். மழையில் அதையும் இரட்டிப்பாக்குங்கள். ‘இவ்வளவு இடம் விட்டால் நடுவில் எவனாவது புகுந்துவிடுவான்’ என்பார்கள். புகுவார்கள்தான். புகுந்தால் மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்கள். முப்பது பேர் புகுந்தாலும் ஆளுக்கு இரண்டு வினாடி, மொத்தம் ஒரே நிமிடம்.

லைட் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. ‘நான் வருகிறேன், நில்’ என்று ஒருவர் அடிப்பார். ‘நீங்கள் போங்கள்’ என்று இன்னொருவர் அடிப்பார். இரண்டு பேரும் எதிரெதிரே சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் லைட்டை ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவாகவும் படிக்காதீர்கள். பின்னால் ஒருமுறை மினுக்கினால் அதை வசவாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே, முந்தப் போவதைத் தெரிவிக்க ஒருமுறை மினுக்குவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஒட்டிக்கொண்டு விடாமல் அடித்து மிரட்டினால் அங்கே குற்றவழக்கே வரும்.

லாரிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டச் சொல்வேன். முழு பாரத்தோடு போகிறவருக்கு இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிப்பது நம்மைப் போலக் காலை அழுத்துகிற காரியமல்ல. ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்தால் மேலே போய்ச் சேரும் வரை அதை மறக்க வேண்டியதுதான். இடது ஓரத் தடத்தில் நுழைகிறவர்கள், வெளியேறுகிறவர்கள், பழுதாகி நிற்பவர்கள் எல்லாம் இருப்பதால், பிரேக் போடாமல் ஓட்டும் ஆசையில் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது, இடது ஓரம் கிலோமீட்டர் கணக்கில் காலியாக இருக்கும்போது அது நியாயமாகிவிடாது. ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்கு 90-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அங்கே 90-இல் போகும் லாரி 88-இல் போகும் லாரியைத் தாண்ட முயன்றால் நாலு நிமிடம், ஆறு கிலோமீட்டர் ஆகும். ஜெர்மானியர்கள் இதற்கு ‘யானைப் பந்தயம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பந்தயத்துக்குப் பின்னால் மாட்டினால் பாட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். லாரியின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். அதன் பக்கக் கண்ணாடிகள் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை.

மகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவள் கையில் ஒரு பேனாவைக் கொடுங்கள். பக்கத்துத் தடம் காலியாக இருந்தும் அப்பா வலத்திலேயே ஓடினால் கதவில் ஒரு தட்டு. பிள்ளைகளுக்கு இதில் தாட்சண்யம் கிடையாது, என் பயிற்றுநரைவிட மோசமாகத் தட்டுவார்கள். முதல் நாள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த டேஷ்கேம் பதிவு. தாராளமாக அனுப்பலாம். வெட்டி வந்து பிரேக் அடிப்பது பல நாடுகளில் தண்டனைக்குரியது. ஆனால் வெட்டிய ஐந்து வினாடியை மட்டும் அனுப்பினால் முன்னால் நடந்ததையும் கேட்பார்கள். முழுப் பதிவையும் அனுப்பினால் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் வலது தடத்தில் இருந்தீர்கள், எந்த இடத்தில் வண்டி திடீரென்று முன்னுக்குச் சாய்ந்தது என்பதும் அதில் இருக்கும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள்.